‘எப்படிச் சமாளிக்கிறீர்கள்?’ என்னும் கேள்வியின் பிழை

வேலைக்குச் செல்லும் தாயைப் பற்றித் தமிழ்நாட்டில் இன்று பெரும்பாலோர் கொண்டிருக்கும் கருத்து, பெண் வேலைக்குப் போவதே குடும்பத்துக்கு ஆகாது என்னும் பழைய கருத்தன்று. பெண் படிக்கட்டும், வேலைக்குப் போகட்டும், பதவி உயர்வும் பெறட்டும், ஆனால் வீட்டையும் பிள்ளைகளையும் கைவிடாமல் இரண்டையும் சமன்செய்துகொள்ளட்டும் என்பதும், நேரத்தைத் திட்டமிட்டுச் செலவிடத் தெரிந்த பெண்ணுக்கு அது முடியாத காரியமன்று என்பதுமே இப்போதைய கருத்து. இதைச் சொல்பவர்கள் பெண்களின் பகைவர்கள் அல்லர். அவர்களுள் பலர் இருபது, முப்பது ஆண்டுகள் இரண்டு பொறுப்புகளையும் தாமே சுமந்து பிள்ளைகளை ஆளாக்கிய பெண்கள். தாம் கற்ற வழியையே மகளுக்கும் மருமகளுக்கும் அக்கறையோடு சொல்லித் தருபவர்கள். அவர்கள் காட்டும் காரணங்களும் எளிதில் தள்ளிவிடத் தக்கவையல்ல: இரண்டையும் செய்துகாட்டியவர்கள் கண்முன் இருக்கிறார்கள், கைக்குழந்தைக்குத் தாயின் அருகாமை வேண்டும், சட்டம் பேறுகால விடுப்பு தந்திருக்கிறது, இன்றைய கணவர்கள் அந்தக் காலத்து ஆண்களைப் போலல்லாமல் வீட்டு வேலையில் உதவுகிறார்கள், இவ்வளவுக்குப் பிறகும் முடியாதென்றால், பிள்ளை வளரும்வரை வேலையை விட்டுவிடும் உரிமை அவளிடமே இருக்கிறது.

மகளிர் தின மேடையானாலும் வார இதழ்ப் பேட்டியானாலும், சாதித்த பெண்ணிடம் தவறாமல் கேட்கப்படும் ‘வீட்டையும் வேலையையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?’ என்னும் கேள்வியில் இக்கருத்து முழுவதும் அடங்கியிருக்கிறது. அதே வீட்டில் வாழ்ந்து, அதே பிள்ளைகளுக்குத் தந்தையாக இருந்து, அவளைப் போலவே நாள்தோறும் வேலைக்குப் போய்வரும் கணவரிடம் அக்கேள்வி கேட்கப்படுவதில்லை. இக்கருத்தின் அடிப்படைப் பிழை அங்கேதான் இருக்கிறது. ஒருவர் மேல் ஏற்றப்பட்ட சுமை நியாயமானதா, அதை யார் ஏற்றினார்கள், யார் யார் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று கேட்க வேண்டிய இடத்தில், அவர் அதை எவ்வளவு திறமையாகச் சுமக்கிறார் என்று அது கேட்கிறது. அதனால் பங்கீடு பற்றிய சிக்கல், திறமை பற்றிய சிக்கலாக உருமாறிவிடுகிறது. சுமையின் கீழ் தள்ளாடும் பெண் தன்னையே நொந்துகொள்கிறாள். தள்ளாடாதவள் மற்றவர்களுக்கு எதிரான சான்றாக நிறுத்தப்படுகிறாள். இக்கருத்தின் ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியே எடுத்து ஆராய்ந்தால் அது எங்கே உடைகிறது என்பது புலப்படும்.

1. நாளுக்கு இருபத்துநான்கு மணி நேரம்தான் என்னும் கணக்கை எந்தத் திட்டமிடலாலும் மாற்ற முடியுமா? மக்கள் ஒரு நாளின் நேரத்தை எந்தெந்தச் செயல்களில் செலவிடுகிறார்கள் என்பதை அரைமணி அரைமணியாகப் பதிவுசெய்யும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை இந்தியாவின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நாடு முழுவதும் நடத்தியது. சமையல், துப்புரவு, துவைத்தல் போன்ற ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் அவற்றில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடங்களையும் செலவிட்டார்கள் என்று அது கண்டது. இந்தச் சராசரி, வேலையில் கைவைத்தவர்களை மட்டும் கணக்கில் கொண்டது என்பதை மறந்துவிடலாகாது. ஆறு வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களில் 81.2 விழுக்காட்டினர் அன்றைய நாளில் வீட்டு வேலை செய்திருந்தார்கள், ஆண்களில் 26.1 விழுக்காட்டினரே செய்திருந்தார்கள். ஆகவே 97 நிமிடம் என்பது நான்கில் ஒரு பங்கு ஆண்களின் கணக்கு. எஞ்சிய முக்கால் பங்கினரின் கணக்கு சுழியம்.

2024-இல் மீண்டும் நடத்தப்பட்ட கணக்கெடுப்பில் பெண்களின் நேரம் 289 நிமிடங்களாகக் குறைந்தது. இதை முன்னேற்றம் என்று காட்டுவோர் உண்டு. ஆனால் அதே ஐந்தாண்டுகளில் ஆண்களின் நேரமும் 97-இலிருந்து 88 நிமிடங்களாகக் குறைந்தது. இருவருக்கும் இடையிலான இடைவெளி 2019-இல் 202 நிமிடம், 2024-இல் 201 நிமிடம். பெண்ணின் சுமையில் குறைந்த பத்து நிமிடங்கள் எங்கே போயின என்பதற்கு வேறு விளக்கம் இருக்கலாம். ஆண்கள் அதை வாங்கிக்கொண்டார்கள் என்பது மட்டும் விளக்கமாக இருக்க முடியாது. இக்கணக்கில் வேலைக்குப் போகாத பெண்களும் சேர்ந்திருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் வேலைக்குப் போகும் பெண்ணின் வீட்டிலும் சோறு தானாக வேகாது என்பதும், அவள் வேலைக்குப் போவதாலேயே அடுப்பு வேறொருவர் கைக்கு மாறிவிடுவதில்லை என்பதும் எவருக்கும் தெரிந்தவை.

திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனங்களில் ‘ஒன்றரை ஷிப்ட்’ என்பது அன்றாடம் புழங்கும் சொல். எட்டு மணி நேர முறையோடு இன்னும் பாதியைச் சேர்த்து, காலை எட்டரைக்கு உள்ளே போகும் தொழிலாளி இரவு எட்டரைக்கு வெளியே வருவதை அது குறிக்கும். அப்படி வெளியே வரும் தாய் வீடு சேர்வதற்குள் ஒன்பது மணி ஆகிவிடும். பிறகு இரவுச் சாப்பாடு, பாத்திரம், பிள்ளையின் சீருடை. காலை ஐந்து மணிக்குத் தண்ணீர், சமையல், மூன்று பேருக்குச் சாப்பாட்டு டப்பா, பள்ளி வேன். இவளுக்கு நேர மேலாண்மை கற்பிக்க முன்வருபவர், எந்த மணி நேரத்தை எடுத்து எந்த மணி நேரத்தில் சேர்க்கச் சொல்கிறார் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எடுப்பதற்கு அவளிடம் மிஞ்சியிருப்பது தூக்கம் ஒன்றுதான். ‘சமநிலை’ என்று புகழப்படுவது, பல வீடுகளில், ஒரு பெண்ணின் உறக்கத்திலிருந்து நாள்தோறும் வெட்டியெடுக்கப்படும் நேரத்துக்கு இட்ட நல்ல பெயர். நாட்டின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்பது பெருமையோடு சொல்லப்படும் செய்தி. அந்தப் பெருமைக்கு விலை கொடுப்பவர்கள் யார் என்பதும் உடன் சொல்லப்பட வேண்டும்.

2. ‘அவர் ரொம்ப உதவியாக இருப்பார்’ என்னும் பாராட்டே குற்றத்தை ஒப்புக்கொள்கிறது. உதவி என்பது பிறர் வேலையில் ஒருவர் கைகொடுப்பது; தன் வேலையைத் தானே செய்வதற்கு எந்த மொழியிலும் உதவி என்று பெயரில்லை. கணவன் காய் நறுக்கித் தருவதும் துணி உலர்த்துவதும் உதவி எனப்படும்வரை, அந்தச் சமையலும் அந்தத் துணியும் மனைவியின் பொறுப்பு என்னும் தீர்ப்பு ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டது.

உதவிக்கும் பொறுப்புக்கும் உள்ள வேறுபாடு சொல்லில் மட்டும் இருப்பதன்று. காலையில் இட்லி வேகும் பதினைந்து நிமிடம் எல்லாருடைய கண்ணுக்கும் தெரிகிறது. ஆனால் அந்த இட்லி தட்டில் ஏற வேண்டுமென்றால், முந்தைய நாளே அரிசியும் உளுந்தும் ஊறியிருக்க வேண்டும். மாலையில் அரைத்து, உப்புப் போட்டுக் கரைத்து வைத்திருக்க வேண்டும். மார்கழிக் குளிரில் மாவு பொங்காது என்பதால் முன்கூட்டியே அரைக்க வேண்டும். சித்திரை வெயிலில் வெளியே விட்டால் புளித்துப்போகும் என்பதால் நேரம் பார்த்துக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். உளுந்து தீரப்போகிறது என்பது தீர்வதற்கு நான்கு நாள் முன்பே ஒருவர் நினைவில் இருக்க வேண்டும். கடையில் மாவு வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். வாங்க வேண்டும் என்பதை அலுவலகத்தில் கோப்பு பார்த்துக்கொண்டிருக்கும்போதே நினைவில் வைத்திருப்பவர் யார் என்பதுதான் கேள்வி. தடுப்பூசித் தேதி, பள்ளிக் கட்டணத்தின் கடைசி நாள், பெற்றோர் ஆசிரியர் கூட்டம், சிறியவனுக்குச் சளி பிடித்தால் எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது என இப்படிப்பட்ட கணக்குகள் நூறு உண்டு. இந்த ஓயாத உள்கணக்கை மனச்சுமை என்று சமூகவியலாளர்கள் அழைக்கிறார்கள். ‘என்ன செய்யணும்னு சொல்லு, செய்கிறேன்’ என்று உண்மையான அன்போடு சொல்லும் கணவன் கைவேலையில் பாதியை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதை அறிந்திருக்கும் வேலையை முழுவதுமாக மனைவியிடமே விட்டுவிடுகிறான்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்சைல்ட், இருவரும் சம்பாதிக்கும் குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் உடனிருந்து கவனித்து 1989-இல் வெளியிட்ட நூலில், அலுவலக வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்ணுக்கு வீட்டில் காத்திருக்கும் ஊதியமற்ற வேலையை ‘இரண்டாம் ஷிப்ட்’ என்று பெயரிட்டார். அந்தச் சொல்லைத் தமிழுக்கு விளக்கவே தேவையில்லை. திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் முடித்து வரும் பெண்ணைப் பொறுத்தவரை அது இன்னொரு ஷிப்டின் தொடக்கம்.

3. செய்துகாட்டியவர்களைச் சான்றாக நிறுத்துவது நேர்மையான வாதமா? மேடையில் அமர்ந்திருக்கும் பெண் மருத்துவரும் பெண் ஆட்சியரும் வெற்றி பெற்றவர்கள் என்பதில் ஐயமில்லை. முடியாமல் வேலையை விட்டவர்களுக்கு மேடை கிடைப்பதில்லை. கரை சேர்ந்தவர்களை மட்டும் எண்ணி, ஆற்றில் சுழல் இல்லை என்று முடிவுகட்டுவதற்கு ஒப்பானது இது. மேலும், மேடையில் இருப்பவரின் பேட்டியைக் கடைசிவரை வாசித்தால், ‘என் அம்மா கூடவே இருந்தார்’, ‘மாமியார் இல்லையென்றால் முடிந்திருக்காது’, ‘எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா சொந்த மனுஷி மாதிரி’ என்னும் வரிகளில் ஒன்று தவறாமல் வரும். அறுபது வயதில் இரண்டாம் முறையாகக் குழந்தை வளர்க்கும் பாட்டியின் முழங்கால் வலியும், பிறர் குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தன் குழந்தையை அக்கம்பக்கத்தில் விட்டுவரும் ஆயாவின் மனக்கலக்கமும் அந்தச் சமநிலையின் மறுதட்டில் இருக்கின்றன. ஒரு பெண்ணின் தோளிலிருந்து இறங்கிய சுமை இன்னொரு பெண்ணின் தோளில், பெரும்பாலும் அவளைவிட வயதானவளின் அல்லது ஏழையின் தோளில், ஏறியிருக்கிறது. வீட்டிலிருக்கும் ஆண்களைச் சுற்றிக்கொண்டே அது இடம்பெயர்கிறது.

4. ‘குழந்தை தாயிடம்தான் வளர வேண்டும், அதுதான் நம் மரபு’ என்னும் வாதம் வரலாற்றை அறியாதது. குழந்தையைச் சுமப்பதும் ஈன்றெடுப்பதும் பாலூட்டுவதும் தாயால் மட்டுமே முடிந்தவை. பிறந்த குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும், வேறெதுவும் வேண்டாம் என்னும் மருத்துவ அறிவுரையையும் எவரும் மறுக்கவில்லை. ஆனால் பதினைந்து ஆண்டு நீளும் பிள்ளை வளர்ப்பை அந்த ஆறு மாதத்தின் பெயரால் ஒருவருக்கே எழுதிவைப்பதற்கு இயற்கையில் ஆதாரம் இல்லை. கஞ்சி ஊட்டவும், கழுவிவிடவும், காய்ச்சலில் நெற்றிக்குத் துணி நனைத்துப் போடவும், வாய்ப்பாடு சொல்லித்தரவும் பெண்ணாகப் பிறந்திருக்க வேண்டிய தேவையில்லை.

மரபு என்று எதைச் சொல்வது? தமிழ்நாட்டின் உழைக்கும் பெண்கள் ஒரு காலத்திலும் வீட்டிலிருந்து பிள்ளை வளர்த்தவர்கள் அல்லர். நாற்று நடும் பெண்ணின் குழந்தை வரப்போரத்து மரக்கிளையில் பழைய புடவையில் கட்டிய தூளியில் கிடந்தது. அதை ஆட்டிக்கொண்டிருந்த எட்டு வயது அக்காள் அதன் பொருட்டே பள்ளிக்கூடம் போகாமல் நின்றாள். சித்தாளின் குழந்தை கட்டட வேலை நடக்கும் இடத்து மணல் குவியலில் வளர்ந்தது. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்களின் குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்குப் ‘பிள்ளை மடுவம்’ என்னும் பெயரே ஏற்பட்டது. இந்தியாவின் தொழிற்சாலைச் சட்டம் 1948-இலும், தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-இலும் பெண்கள் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் அமைப்பதை முதலாளியின் கடமையாக்கின. உழைக்கும் பெண்ணின் குழந்தை வேலையிடத்தின் பொறுப்பும் ஆகும் என்பது எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே சட்டம் ஒப்புக்கொண்ட உண்மை என்பதே இதன் பொருள்.

நடவுப் பெண்ணிடம் ‘வீட்டையும் வயலையும் எப்படிச் சமாளிக்கிறாய்?’ என்று எந்தப் பண்ணையாரும் கேட்டதில்லை. அவள் குழந்தைக்குத் தாயின் அருகாமை வேண்டும் என்று எவரும் கவலைப்பட்டதும் இல்லை. அந்தக் கவலை, வசதியுள்ள குடும்பத்துப் பெண் படித்து அலுவலக நாற்காலியில் அமர்ந்த பிறகே பிறந்தது. ஏழைப் பெண் கூலிக்குப் போனபோது எழாமல், நடுத்தரப் பெண் பதவிக்கு வந்தபோது எழுந்த அக்கறையைக் குழந்தையின் மீதான அக்கறை என்று ஏற்பது கடினம்.

5. சட்டம் விடுப்பு தந்துவிட்டதே என்பாருக்கு, சட்டம் என்ன தந்தது என்பதை முழுவதும் வாசிக்க வேண்டும் என்பதே பதில். 1961-ஆம் ஆண்டின் பேறுகால நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு ஊதியத்தோடு கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. தமிழ்நாடு அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாதங்கள் வழங்குகிறது. இவை போராடிப் பெற்ற நலன்கள், குறைக்கப்படக் கூடாதவை. ஆனால் பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் கடைகளும், வீட்டு வேலையும், கூலி வேலையும், ஆகவே உழைக்கும் பெண்களில் மிகப் பெரும்பாலோரும், இந்த நலன்களின் நிழலுக்கு வெளியே நிற்கிறார்கள்.

உள்ளே இருப்பவர்களுக்கும் சட்டத்தின் வடிவமே ஒரு தடையாகிறது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்துக்குள் வருபவர்களுக்கு, அதாவது மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மேற்படாதவர்களுக்கு, விடுப்புக்கால ஊதியத்தைக் காப்பீட்டு நிறுவனம் தருகிறது. மற்ற பெண்களின் 26 வார ஊதியத்தையும் அவரவர் முதலாளியே தர வேண்டும். தந்தைக்கு விடுப்பு தரும்படி தனியார் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. ஒன்றிய அரசு ஊழியர்களுக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், திருமணமான இளம்பெண்ணை வேலைக்கு எடுப்பது செலவு, ஆணை எடுப்பது செலவின்மை என்னும் கணக்கை நேர்முகத் தேர்வு நடத்துபவரின் மனத்தில் எழுதிவைப்பது சட்டமேதான் என்பது விளங்கும். தொழிற்சாலைச் சட்டம் காப்பகத்துக்கான வரம்பை முப்பது பெண்கள் என்று பெண்களின் எண்ணிக்கையில் வைத்ததும் இதே பிழை. இன்னொரு பெண்ணை எடுக்காமலிருக்க அது ஒரு காரணத்தைக் கையில் கொடுத்தது.

2017-ஆம் ஆண்டின் திருத்தம் இதைப் பாதி உணர்ந்தது. ஆண், பெண் என்று பிரிக்காமல் 50 பணியாளர்கள் உள்ள ஒவ்வொரு நிறுவனமும் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும் என்று அது விதித்தது. ஆனால் அடுத்த வரியிலேயே, நாளுக்கு நான்கு முறை காப்பகத்துக்குப் போய்க் குழந்தையைப் பார்க்கும் அனுமதியைப் பெண்ணுக்கு மட்டும் எழுதியது. எண்ணும்போது தந்தையையும் எண்ணிய சட்டம், குழந்தை அழும்போது தாயை மட்டுமே அழைக்கிறது.

ஆண்கள் விடுப்பு கொடுத்தாலும் எடுக்கமாட்டார்கள் என்பது இதற்கு வழக்கமாக வரும் எதிர்வாதம். சுவீடனின் அனுபவம் இதற்குத் தெளிவான விடை தருகிறது. 1974-இல் அந்நாடு பேறுகால விடுப்பை இரு பெற்றோரும் பகிர்ந்துகொள்ளும் பெற்றோர் விடுப்பாக மாற்றியபோது, பெரும்பாலான தந்தையர் தம் பங்கையும் மனைவிக்கே விட்டுக்கொடுத்தார்கள். நார்வே 1993-இலும் சுவீடன் 1995-இலும், தந்தை எடுக்காவிட்டால் குடும்பத்துக்கே இல்லாமல் போகும்படி ஒரு பகுதியைத் தந்தைக்கென்றே ஒதுக்கிய பிறகு, தந்தையர் பெருமளவில் விடுப்பெடுக்கத் தொடங்கினார்கள். ஓரிரு ஆண்டுகளில் ஆண்களின் இயல்பு மாறிவிடவில்லை; சட்டத்தின் வடிவம் மாறியது. தமிழ்நாட்டிலும் கேட்பவர்கள் இல்லாமலில்லை. மனைவியின் பிரசவத்தின்போது உடனிருக்க விடுப்பில் சென்று உரிய நாளில் திரும்பாத காவல் ஆய்வாளர் ஒருவரைப் பணியிலிருந்து ஓடியவராக அறிவித்த ஆணையைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2023-இல் ரத்து செய்தது. தந்தைமை விடுப்புக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்றும் வலியுறுத்தியது. மனைவிக்கு வலியெடுக்கும்போது அருகிலிருக்க விரும்பிய ஒருவரை ஓடிப்போனவர் என்று பதிவேட்டில் எழுதும் ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, ஆண்களுக்குப் பிள்ளை வளர்ப்பில் ஈடுபாடில்லை என்று குறைசொல்வது முறையன்று.

6. ‘வேலையை விடுவது அவள் விருப்பம்’ என்பது எல்லாவற்றிலும் நாகரிகமாகத் தோன்றும் வாதம். ஆகவே அதிகத் தீங்கு செய்வதும் அதுவே. அந்த விருப்பம் எந்தக் கணக்கின் முடிவில் பிறக்கிறது என்பதைக் காண வேண்டும். கணவனின் சம்பளம் 40,000, மனைவியின் சம்பளம் 30,000, காப்பகத்துக்கும் வேனுக்கும் வேலையாளுக்கும் மாதம் 20,000 ஆகிறது என்று கொண்டால், குடும்பத்தில் எல்லாரும் போடும் கணக்கு ஒன்றே: ‘உன் சம்பளத்தில் 20,000 இதற்கே போய்விடுகிறது, மிஞ்சும் 10,000 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சல் எதற்கு?’ குழந்தை இருவருடையது. அதைப் பார்த்துக்கொள்ளும் செலவு மட்டும் எப்படி மனைவியின் சம்பளத்திலிருந்து கழிந்தது? எழுபதாயிரத்தின் செலவாக அதைக் கொண்டால் இந்த முடிவுக்கு எவரும் வந்திருக்க மாட்டார்கள். மேலும் அந்தக் கணக்கு இந்த மாதத்தோடு நின்றுவிடுகிறது. விட்டுப்போகும் ஆண்டு உயர்வுகளும், வருங்கால வைப்பு நிதியும், ஐந்தாண்டு தொடர்பணி நிறைவதற்குள் விலகுவதால் கிடைக்காமல் போகும் பணிக்கொடையும், ஏழாண்டு கழித்துத் திரும்பி வரும்போது தன்னிடம் பயிற்சி பெற்றவருக்குக் கீழே உட்கார வேண்டிய நிலையும் அதில் ஏறுவதில்லை.

டென்மார்க்கைப் போலக் குழந்தைகள் காப்பகம் எளிதில் கிடைக்கும் நாட்டிலும், முதல் குழந்தை பிறந்த பின் பெண்களின் வருமானம் நீண்ட காலப்போக்கில் சுமார் 20 விழுக்காடு பின்தங்கிப்போவதையும், ஆண்களின் வருமானத்தில் அதனால் மாற்றமேதும் ஏற்படாததையும் ஹென்ரிக் கிளெவனும் உடன் ஆய்வாளர்களும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பொருளியலாளர்கள் இதைக் ‘குழந்தைத் தண்டம்’ என்கிறார்கள். 2023-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் இதன் வேர்களில் ஒன்றைச் சுட்டினார். எந்நேரமும் அழைத்தால் வரத் தயாராக இருப்பவருக்கு மற்றவரைவிட மிகக் கூடுதலான ஊதியம் தரும் வேலைகளை அவர் ‘பேராசை கொண்ட வேலைகள்’ என்றார். அத்தகைய வேலையில் தம்பதியர் இருவரும் இருக்க முடியாது. குழந்தைக்குத் திடீரென்று காய்ச்சல் வந்தால் ஓடிவர ஒருவர் குறைந்த சம்பள வேலையில் இருந்தாக வேண்டும். சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலைத் தகவல் தொழில்நுட்ப நிறுவனமொன்றில் நள்ளிரவில் அமெரிக்க வாடிக்கையாளரோடு பேசும் கூட்டத்துக்கு இருக்க வேண்டிய இருவரில் எவர் பதவி உயர்வை விட்டுக்கொடுப்பார் என்பது பெரும்பாலும் திருமணத்தின்போதே முடிவாகியிருக்கும். மற்றெல்லா வாயில்களும் அடைபட்ட பிறகு திறந்திருக்கும் ஒரே வாயிலின் வழியே ஒருவர் வெளியேறுவதை விருப்பம் என்று அழைப்பது, அந்தச் சொல்லுக்கே இழைக்கும் அநீதி.

இவ்வளவுக்கும் மாற்று இருக்கிறதா என்று கேட்டால், தமிழ்நாடே ஒரு விடையைக் கையில் வைத்திருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கென்று தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் குழந்தையின் பசியையும் வருகையையும் பற்றியே பேசுகிறார்கள். அதற்கு இன்னொரு முகம் உண்டு. விடியற்காலையில் வேலைக்குப் புறப்படும் தாயின் அடுப்பிலிருந்து ஒரு வேளைச் சமையலை அது பள்ளிக்கூடத்துக்கு மாற்றியது. எந்த நேர மேலாண்மை வகுப்பும் அவளுக்குத் தராத அரைமணி நேரத்தை ஒரு அரசாணை தந்தது. ஆனால் பள்ளியில் அடுப்பு மூட்டுபவர்களும் மகளிர் சுயஉதவிக் குழுவினரே என்பதையும், அவர்களுக்குத் தக்க ஊதியம் வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 2023-இல் மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கப்பட்ட மகளிர் உரிமைத் தொகை, வீட்டு வேலைக்கு மதிப்புண்டு என்பதைப் பெயரளவிலேனும் அரசு ஒப்புக்கொண்டதற்கு அடையாளம்; ஆயினும் அது வேலைக்கு ஒரு விலை வைத்ததே தவிர, வேலையைக் கைமாற்றவில்லை. காலை உணவு கைமாற்றியது.

1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் இம்மாநிலத்தில் 54,000-க்கு மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இயங்குகின்றன. ஏறத்தாழ எல்லா ஊரிலும் கட்டடமும், பயிற்சி பெற்ற பணியாளரும், சத்துமாவும் இருக்கின்றன. தாய் வேலை முடிந்து வரும் நேரம்வரை அவை திறந்திருப்பதில்லை என்பதே குறை. பிற்பகலில் பூட்டப்படும் மையத்துக்கும் மாலை ஆறரை மணிக்கு வந்து நிற்கும் நிறுவனப் பேருந்துக்கும் இடைப்பட்ட அந்த மூன்று மணி நேரத்தை இன்று பாட்டியோ பக்கத்து வீடோ பூட்டிய கதவோ நிரப்புகின்றன. அம்மையங்களை மாலைவரை திறந்துவைக்கவும், அதற்கேற்பப் பணியாளர்களைக் கூட்டி அவர்களுக்கு முழு ஊதியம் தரவும், தந்தைக்கென விட்டுக்கொடுக்க முடியாத விடுப்பு ஒதுக்கவும், அச்செலவைத் தனி முதலாளியின் தலையில் கட்டாமல் காப்பீட்டு நிதியிலிருந்து ஈடுசெய்யவும் தேவைப்படுவது பெண்ணின் திறமையன்று; அரசின் முடிவு.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு இச்சிக்கலை முதலில் அணுகியபோது அதுவும் இதே பிழையைச் செய்தது. 1965-இல் அது வெளியிட்ட பரிந்துரையின் தலைப்பு குடும்பப் பொறுப்புகள் கொண்ட பெண்களின் வேலைவாய்ப்பைப் பற்றியது. பதினாறு ஆண்டுகளில் அந்தப் பிழையை உணர்ந்து, 1981-இல் 156-ஆம் எண் உடன்படிக்கையை நிறைவேற்றியபோது, ‘பெண்கள்’ என்றிருந்த இடத்தில் ‘தொழிலாளர்கள்’ என்று எழுதியது. ஆண், பெண் இருபாலருக்கும் குடும்பப் பொறுப்பு உண்டு என்பதை அதன் முதல் விதியிலேயே வைத்தது. அந்த உடன்படிக்கையை இந்தியா இன்றுவரை ஏற்று உறுதிசெய்யவில்லை.